வெட் கிளட்சா, டிரை கிளட்சா? ஏழு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் ஓட்டுகிறீர்கள்?

கேட்டவர் வேளச்சேரியில் இருக்கிறார். ஐந்து பேர் குடும்பம், அம்பத்தூரில் வேலை, மனைவியின் ஊர் கோத்தகிரி. வருடத்துக்கு மூன்று முறையாவது மலை ஏற வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வாங்க ஷோரூம் ஷோரூமாகப் போயிருக்கிறார். அங்கே பேச்சு முழுக்க டிசிடி பற்றி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பற்றி. ஒரு இடத்தில் "டிரை கிளட்ச் டிசிடி பக்கமே போகாதீங்க" என்றிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் "அதெல்லாம் பழைய கதை சார், இப்ப எல்லாம் சரி பண்ணிட்டாங்க" என்றிருக்கிறார்கள். யாரை நம்புவது என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வெட் கிளட்ச் டிசிடி அல்லது டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக என்ஜின் சக்தியைக் கடத்தும் பழைய வகை ஆட்டோமேட்டிக். டிரை கிளட்ச் வேண்டாம். ஆனால் இதே கேள்வியை ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போய் வருகிறவர் கேட்டால், டிரை கிளட்ச் வண்டியைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஏன் ஒரே கியர்பாக்ஸ் ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு ஆகாது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் கோவையில் பதினாறு வருடமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டும் வேலை பார்க்கிறேன். கையில் பிடித்துப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

டூயல் கிளட்ச், அதாவது டிசிடி, என்பது அடிப்படையில் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸை ஒரே பெட்டிக்குள் வைத்தது போலத்தான். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸ். இரண்டு ஷாஃப்டில் ஒன்று குழாய் மாதிரி இருக்கும், மற்றது அதற்குள்ளேயே ஓடும். வண்டி இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியர் அந்தப் பக்கம் பூட்டித் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஏஎம்டி வண்டியில் (மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் வைத்து மாற்றும் வகை) வரும் அந்தத் தலையாட்டல் இதில் இல்லை.

இதில் வெட், டிரை என்பது கிளட்ச் பிளேட் எண்ணெயில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்பது மட்டுமே. இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. வீட்டில் பைக் இருக்கிறதா? பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் என்ஜின் ஆயிலுக்குள் மூழ்கித்தான் இருக்கிறது. சின்னச் சின்னத் தட்டுகள் ஐந்தாறு அடுக்கியிருக்கும். அது வெட் மல்டிபிளேட். மேனுவல் காரில் இருப்பது ஒரே ஒரு பெரிய பிளேட், காற்றில் சுற்றுவது. அது டிரை. பைக்கில் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்று மெக்கானிக் திட்டுவார் இல்லையா, பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று பார்த்து வாங்கச் சொல்வாரே, காரணம் இதுதான். வெட் கிளட்சில் எண்ணெயும் கிளட்சின் ஒரு பாகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குடும்பக் கார்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகன். 2003இல் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த ஆறு கியர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு அந்தக் கம்பெனி வைத்த பெயர்) வெட் கிளட்ச்தான். கியர்பாக்ஸுக்குள் ஏறக்குறைய ஏழு லிட்டர் எண்ணெய். நன்றாக ஓடியது. ஆனால் அந்த எண்ணெயைச் சுற்ற வைக்கப் பம்ப் வேண்டும், பம்பைச் சுற்ற என்ஜின் சக்தி வேண்டும். அடுக்கிய தட்டுகள் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதிலும் கொஞ்சம் சக்தி போகிறது. பெரிய என்ஜினுக்கு அது பொருட்டில்லை. சின்ன என்ஜினில் அது மைலேஜைத் தின்னும். ஐரோப்பாவில் புகை விதிகள் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. 2008இல் ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கம்பெனிக்குள் அதன் பெயர் டிக்யூ200. கியர் எண்ணெய் வெறும் 1.7 லிட்டர். எடை குறைவு, விலை குறைவு, மைலேஜ் கூடுதல். தாங்கும் டார்க், அதாவது முறுக்கு விசை, 250 நியூட்டன் மீட்டர்.

அந்த 250 என்ற எண் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே இருந்தது. ஸ்கோடா சூப்பர்ப் 1.8 பெட்ரோல் வாங்கப் போனால், மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜியில் 250. ஒரே என்ஜின், ஒரே கார். டிரை கிளட்ச் தாங்காது என்பதால் கம்பெனியே என்ஜினைக் கட்டிப்போட்டு விற்றது. இன்றைக்கு விர்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் கார்களில் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் என்ஜின் தருவது 250. வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறது. அதனால்தான் டிரை கிளட்ச் வண்டியை ரீமேப் செய்து, அதாவது என்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி, பவர் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிற இளைஞர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறேன்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். பிரச்சினையின் பெயர் சூடு.

கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் சூடு கிடையாது. முழுதாக விட்டிருந்தாலும் கிடையாது. பாதி பிடித்து வழுக்கும்போதுதான் சூடு. நம் டிரைவர்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது அதைத்தான். மேனுவல் காரில் ஹாஃப் கிளட்ச் போடுவது உங்கள் இடது கால். மேட்டில் ரொம்ப நேரம் அப்படிப் பிடித்தால் கால் வலிக்கும், பெடல் நடுங்கும், வாடை வரும். கால் தானாகவே பாடம் கற்றுக்கொண்டு ஹேண்ட்பிரேக்கைத் தேடும். டிசிடியில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது. டிராஃபிக்கில் பிரேக்கை லேசாக விட்டால் வண்டி மெல்ல ஊர்கிறதே, அதுவும் ஹாஃப் கிளட்ச்தான். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் ஊர்வது மாதிரியே இருக்கும், ஆனால் அங்கே வழுக்குவது எண்ணெய். இங்கே தேய்வது பிளேட்.

எந்த வேகத்துக்குக் கீழே வழுக்கும் என்று கணக்குப் போட முடியும். என்ஜின் 800 சுற்றுக்குக் கீழே போனால் திணறும். முதல் கியரில் என்ஜின் ஏறக்குறைய பதினாறு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் வரும். கொஞ்சம் தாராளமாக ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே முதல் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்ள முடியும். அதற்குக் கீழே, வண்டி நகரும் ஒவ்வொரு நொடியும் கிளட்ச் வழுக்கியே ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

ஆகவே டிசிடி வாங்குகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இல்லை. ஒரு நாளில் ஏழு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் என்று.

இதை நான் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்திருக்கிறேன். ஒரே கம்பெனியின் ஒரே மாடல், டிரை கிளட்ச். ஒன்று 41,000 கிலோமீட்டர். ஓட்டியவர் வீட்டிலிருந்து கடைக்கு ஒன்பது கிலோமீட்டர், காந்திபுரம் வழியாக, காலையும் மாலையும். முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறுகிறது என்று வந்தார். இன்னொன்று 1,10,000 ஓடியது, பெங்களூருக்கு வாரம் ஒரு முறை போய்வரும் வண்டி, வேறு வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கினோம். இரண்டு கிளட்சையும் மேசை மேல் வைத்தேன். ஒரு லட்சம் ஓடியதன் இரும்புத் தட்டு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது, பிளேட்டில் உராயும் பரப்பான லைனிங்கில் நெய்த கோடுகள் இன்னும் தெரிந்தன. நாற்பதாயிரம் ஓடியதன் தட்டில் தோசைக்கல்லைக் காயவிட்டு மறந்தால் வருமே, அந்த நீலமும் ஊதாவும் திட்டுத்திட்டாக. விரல் நகத்தால் தடவினால் மயிரிழை விரிசல்கள் தட்டுப்பட்டன. லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் உதறலுக்குக் காரணம். பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கி, வழுக்க வேண்டிய இடத்தில் பிடித்து, வண்டி குலுங்குகிறது. அவரிடம் தட்டைக் கையில் கொடுத்தேன். "நான் வேகமாகவே ஓட்ட மாட்டேனே" என்றார். வேகமாக ஓட்டியிருந்தால் இது ஆகியிருக்காது என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

மேட்டில் என்ன ஆகிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. வண்டியும் ஆட்களும் சேர்த்து 1,600 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு. முன்னால் வண்டிகள் நிற்கின்றன. நீங்கள் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு, வண்டியை உருளாமல் அப்படியே நிறுத்தி வைக்கிறீர்கள். நிறையப் பேர் செய்கிற காரியம். கிளட்ச் அப்போது சுமார் 30 நியூட்டன் மீட்டரைத் தாங்கிக்கொண்டு, என்ஜினின் 1,000 சுற்றையும் வழுக்கலாகவே விழுங்குகிறது. அது ஏறக்குறைய 3 கிலோவாட் சூடு. குளியலறையில் மாட்டியிருக்கும் இன்ஸ்டன்ட் கீசரும் 3 கிலோவாட்தான். அந்தக் கீசரை ஒரு இரும்புத் தட்டுக்கு நடுவில் வைத்து ஸ்விட்ச் போட்டது மாதிரி. தட்டு ஐந்து கிலோ என்று வைத்தால் ஒரு நிமிடத்தில் 75, 80 டிகிரி ஏறிவிடும். ஏறிய சூடு இறங்க வழி, அந்தக் கூட்டுக்குள் இருக்கும் காற்று மட்டும். அந்தக் காற்றும் சூடாகத்தான் இருக்கிறது.

வெட் கிளட்சில் அதே 3 கிலோவாட் எண்ணெய்க்குப் போகிறது. ஐந்து லிட்டர் எண்ணெயை அந்தச் சூடு ஒரு நிமிடத்தில் இருபது டிகிரி சொச்சம் ஏற்றும். அந்த எண்ணெயும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. கூலர் வழியாகப் போய்ச் சூட்டை விட்டுவிட்டு வருகிறது. பிளேட் தேய்மானமும் எண்ணெயில் குறைவு. இதற்கு மேல் வெட் கிளட்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சூட்டை எடுத்துப்போக ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். வெட் கிளட்சும் சூடாகும், அதற்கும் எல்லை உண்டு, ஆனால் அந்த எல்லை நன்றாகத் தள்ளி இருக்கிறது.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று எனக்கு என் சொந்த வண்டியிலேயே தெரியவந்தது. டிரை கிளட்ச் டிசிடி, கம்பெனி பெயர் வேண்டாம். கொல்லிமலை போனோம், எழுபது கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவைத் தாண்டி இருக்கும், முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் அது பின்னால் வந்து திருப்பி ஏறுகிறது. பின்னால் நான், எனக்குப் பின்னால் ஏழெட்டு வண்டி. மூன்று அடி நகர்வது, நிற்பது, மறுபடி மூன்று அடி. இருபது நிமிடம். கியர்பாக்ஸ் வேலையே தொழிலாக இருந்தும், பேச்சு மும்முரத்தில் நான் பிரேக்கை முழுதாக மிதிக்கவில்லை. மீட்டரில் கியர்பாக்ஸ் சூடு அதிகம், பத்திரமாக நிறுத்து என்று எழுத்து வந்தது. அதற்கு அரை நிமிடம் முன்னாலேயே என் அம்மா பின் சீட்டிலிருந்து "என்னடா, துணி கருகுற வாசனை வருது" என்று சொல்லிவிட்டார். ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு நிமிடம் கழித்து எழுத்து அணைந்தது. லாரியும் போயிருந்தது. மீதி வளைவுகளை இரண்டாவது கியரில் இருபது, இருபத்தைந்தில் ஏறினோம். ஒரு சிக்கலும் இல்லை.

அந்தக் கடைசி வரி முக்கியம். மலை ஏறுவது டிரை கிளட்சைக் கெடுப்பதில்லை. இரண்டாவது கியரில் ஒரே சீராக ஏறும்போது கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கிறது, சூடே இல்லை. இறங்கும்போதும் அப்படித்தான், என்ஜின் பிரேக்கிங் நன்றாகவே கிடைக்கும். மலையில் நின்று நின்று ஊர்வதுதான் கெடுக்கிறது. கோடை விடுமுறையில் குன்னூர் சாலையில் வரிசை கட்டி நிற்குமே, அது.

இனி "பழைய கதை" என்று ஷோரூம்காரர் சொன்னதைப் பார்ப்போம். கதை நடந்தது உண்மை. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் டிரை கிளட்ச் பெட்டி அமெரிக்காவில் ஃபியஸ்டாவிலும் ஃபோகஸிலும் வந்தது. உதறல், இழுவை போவது, மேட்டில் தடுமாறுவது என்று புகார்கள் குவிந்து வழக்கானது. காரணங்களில் ஒன்று, ஷாஃப்ட் சீல் வழியாகக் கசிந்த எண்ணெய். வெட் கிளட்சுக்கு எண்ணெய் உயிர். டிரை கிளட்சில் ஒரு சொட்டு விழுந்தாலும் விஷம். ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் மோசம். வாடிக்கையாளர்கள் உதறுகிறது என்று வந்தபோது, நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை என்று பலருக்குப் பதில் சொன்னார்கள். கோளாறு இருப்பது தெரிந்தே அப்படிச் சொன்னதற்காக 2018 ஏப்ரலில் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கில் இருந்த மாடல்களில் ஈகோஸ்போர்ட்டும் ஒன்று. நம் மறைமலைநகர் ஆலையிலும் ஈகோஸ்போர்ட் தயாரானது. இந்தியாவில் 2013இல் 1.5 பெட்ரோலுடன் அந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள். 2017இல் புது மாடல் வந்தபோது அதை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டர் வைத்தார்கள். நூறு விளம்பரத்தைவிட அந்த மாற்றம் எனக்கு அதிகம் சொன்னது.

ஃபோக்ஸ்வாகன் கதை வேறு மாதிரி. சீனாவில் டிக்யூ200 மேல் புகார்கள் வந்து, 2012இல் உத்தரவாதத்தைப் பத்து வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டராக நீட்டினார்கள். 2013 மார்ச்சில் அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்கள். இதில் சுவாரசியம் என்னவென்றால், அந்த நவம்பர் அழைப்பில் குற்றவாளி கிளட்ச் பிளேட் இல்லை. சூடும் ஈரமும் கூடிய ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், உள்ளே இருந்த சிந்தெடிக் எண்ணெயால் மின்சாரப் பகுதியில் கோளாறு வரலாம் என்று கம்பெனி சொன்னது. மினரல் எண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதன்பிறகு வந்த பெட்டிகள் பழையதைவிட நல்லவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாஃப்ட்வேர் வெகுவாகத் தேறியிருக்கிறது. இப்போதெல்லாம் ரொம்ப நேரம் வழுக்கினால் வண்டியே எச்சரிக்கிறது. ஆனால் சாஃப்ட்வேர் சூட்டைக் குறைக்குமே தவிர, சூட்டை எடுத்துப்போகாது. ஏழு கிலோமீட்டர் கணக்கு 2008இல் இருந்தது போலவேதான் இன்றும் இருக்கிறது.

நம் சந்தையில் எது எது என்று பார்த்தால், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.5 டிஎஸ்ஜி வண்டிகள் டிரை. ஹூண்டாய், கியாவின் டர்போ பெட்ரோலில் வரும் ஏழு கியர் டிசிடியும் டிரை. 2019இல் வென்யூவில் தொடங்கி செல்டாஸ், கிரெட்டா, வெர்னா என்று பரவியது, 1.5 டர்போவில் டார்க் 253. அதில் கிளட்சை அழுத்துவது எண்ணெய் அழுத்தம் இல்லை, மின்மோட்டார். டிஎஸ்ஜியில் நான் அதிகம் பயப்படும் மெக்காட்ரானிக்ஸ் (கம்ப்யூட்டரும் எண்ணெய் வால்வுகளும் சேர்ந்த பகுதி) பிரஷர் தொல்லை அதனால் இதில் இல்லை. டாடா நேர் எதிர்த் திசையில் போனது. 2022 மார்ச்சில் ஆல்ட்ரோஸில் ஆறு கியர் வெட் கிளட்ச், 2023இல் நெக்ஸானில் ஏழு கியர், 2024இல் கர்வ் டீசலிலும் கொடுத்தது. ஆல்ட்ரோஸ் என்ஜினின் டார்க் வெறும் 113. அவ்வளவு சின்ன என்ஜினுக்கு வெட் கிளட்ச் தேவையா என்று அப்போது பலர் கேட்டார்கள். இந்த ஊர் டிராஃபிக்குக்குத் தேவை என்றுதான் நான் சொல்வேன். கோடியாக் மாதிரிப் பெரிய வண்டிகளில் ஃபோக்ஸ்வாகன் குழுமமே வெட் கிளட்ச்தான் வைக்கிறது.

வெட் கிளட்சுக்கும் ஒரு செலவு உண்டு, அதை விற்பவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள்: எண்ணெய். முன்பு சொன்னேனே, எண்ணெயும் கிளட்சின் ஒரு பாகம் என்று. தட்டுகள் தேயும் தூள் அதில்தான் கலக்கிறது, சூட்டில் அதன் குணமும் மாறுகிறது. ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் வெட் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்பது கம்பெனி அட்டவணை. அதைத் தள்ளிப்போட்டவர்களின் பெட்டியைத் திறந்தால் வரும் எண்ணெய் டிகாஷன் நிறத்தில், கருகிய வாடையோடு இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் எத்தனை என்று இருக்கிறதோ அதைப் பாருங்கள். சென்னை டிராஃபிக் என்றால் கடினப் பயன்பாட்டுக்கு உரிய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொன்ன எண்ணெய் மட்டும்தான், வேறு எதுவும் கூடாது.

டிரை கிளட்ச் போனால் செலவு வேறு மாதிரி. இரண்டு பிளேட்டும் சேர்ந்த ஒரே தொகுப்பாகத்தான் மாற்ற வேண்டும், மேனுவல் மாதிரி பிளேட் மட்டும் போட முடியாது. டிக்யூ200 என்றால் சின்ன வளையங்கள் வைத்து இடைவெளியை அளந்து அமைக்க வேண்டும், பிறகு ஸ்கேனர் போட்டுப் பெட்டிக்குப் புதுக் கிளட்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு புது பைக் வாங்கும் பணம் ஆகிவிடும். இடைவெளி அளக்கும் கருவி இல்லாத இடத்தில் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஆறு மாதத்தில் மறுபடி இறக்கிய பெட்டிகள் எனக்கு வந்திருக்கின்றன.

ஏற்கெனவே டிரை கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். பழக்கம் மாறினாலே ஆயுள் நன்றாகக் கூடும். நிற்கும்போது பிரேக்கை முழுதாக மிதியுங்கள். அப்போது கிளட்ச் முழுதாக விட்டுவிடும். லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அது பாதிப் பிடியிலேயே இருக்கும். ஆட்டோ ஹோல்டு பட்டன் இருந்தால் காலையில் கிளம்பும்போதே போட்டுவிடுங்கள், டிசிடி வண்டியில் இதைவிட உருப்படியான பட்டன் இல்லை. டிராஃபிக்கில் முன் வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள். ஒரு வண்டி நீளம் இடைவெளி விழட்டும், அப்புறம் ஒரே எடுப்பில் போய் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அந்த இடைவெளியில் ஆட்டோ நுழையும், நுழையட்டும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடிக்கவே கூடாது. கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டரைத் தயங்கித் தயங்கி மிதிக்காமல் உறுதியாக மிதியுங்கள்; கிளட்ச் சீக்கிரம் முழுதாகப் பிடித்துக்கொள்ளும். மென்மையாக ஓட்டுகிறேன் என்று ரொம்ப இழுத்தடிப்பது இந்த வண்டிக்கு மென்மை இல்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அப்பார்ட்மென்ட் அடித்தளப் பார்க்கிங்கில் இருக்கும் அந்தச் செங்குத்துச் சரிவு. அதில் ரிவர்ஸில் ஏறுவதுதான் டிசிடிக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய தண்டனை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அங்குலம் அங்குலமாக, முழு எடையையும் ஹாஃப் கிளட்சிலேயே தூக்கிக்கொண்டு ஏறுகிறீர்கள். வண்டியின் முகம் வெளிவாசலைப் பார்க்கும்படி நிறுத்திவைத்து, வெளியே வரும்போது முன் கியரில் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர், கத்திப்பாரா தாண்டி, காலை ஒன்பது மணிக்கு. ஏழு கிலோமீட்டருக்குக் கீழே ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரமாவது வரும். அதோடு கோடையில் கோத்தகிரி, ஐந்து பேரும் சாமான்களும். டிரை கிளட்சுக்கு ஆகாத இரண்டு விஷயமும் உங்களிடம் இருக்கிறது. டாடாவின் வெட் கிளட்ச் வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். விர்டஸோ டைகுனோதான் பிடித்திருக்கிறது என்றால் 1.0 டிஎஸ்ஐ டார்க் கன்வெர்ட்டரோடு கிடைக்கும் வகையை எடுங்கள், 1.5 அளவுக்குப் பாயாது, ஆனால் டிராஃபிக்கில் அது படும் பாடு குறைவு. கிரெட்டா, செல்டாஸ் பிடித்திருந்தால் டீசல் ஆட்டோமேட்டிக் டார்க் கன்வெர்ட்டர்தான். கியர் மாறும் வேகத்தில் ஆசை இல்லாதவர் என்றால் ஹோண்டா சிட்டியின் சிவிடியையும் (கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டால் ஓடும் ஆட்டோமேட்டிக்) பட்டியலில் வையுங்கள்.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலியான சாலையில் எடுக்காதீர்கள். எல்லா டிசிடியும் அப்போது தேன் மாதிரித்தான் போகும். வார நாளில் மாலை ஆறு மணிக்கு, வீட்டில் இருக்கும் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி முழுதாகப் போட்டு, அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு, உங்கள் அப்பார்ட்மென்ட் சரிவுக்கே கொண்டுவாருங்கள். பாதிச் சரிவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் கிளம்பிப் பாருங்கள். உதறுகிறதா, பின்னால் உருள்கிறதா, வாடை வருகிறதா என்று கவனியுங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இதே சோதனையோடு, கிளட்சோ எண்ணெயோ மாற்றிய பில்லையும் கேளுங்கள். பில் இல்லை, வாயால்தான் சொல்கிறார்கள் என்றால், கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.